அப்பத்தாவுக்கு நினைவு மலர்: பலகாரம் சுட்டு விற்றதை எழுதலாமா, வேண்டாமா?

பள்ளத்தூர்ப் பேரன்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் அப்பத்தா போன வருஷம் ஆடியில் தவறிப்போனார்கள். விபவ வருஷம் ஆவணியில் பிறந்தவர்கள், இங்கிலீஷ் கணக்கில் 1928. 95 முடிந்து 96 நடந்துகொண்டிருந்தது. 1988இல் அறுபது வருஷம் சுற்றி அதே விபவ திரும்பி வந்தபோது எனக்கு எட்டு வயது. பஞ்சாங்கத்தை என் கையில் கொடுத்து வருஷத்தின் பெயரை வாசிக்கச் சொல்லிவிட்டு, "நான் பொறந்த வருஷம் என்னையப் பாக்க வந்திருக்கு அப்பச்சி" என்றார்கள். அதற்கப்புறம் இன்னும் 36 வருஷம் இருந்தார்கள்.

கல்யாணச் சாவுதான். பேரன் பேத்தி பதினோரு பேர் நெய்ப்பந்தம் பிடித்தோம். இப்போது முதல் வருஷத் திதி வருகிறது, அதற்கு ஒரு நினைவு மலர் போட வேண்டும் என்று வீட்டில் முடிவாகி, தொகுக்கிற வேலை என் தலையில் வந்திருக்கிறது. ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன், கொடுத்தார்கள். ஒன்பது பக்கம் வந்திருக்கிறது. ஒன்பதிலும் "அன்பே உருவானவர், விருந்தோம்பலில் சிறந்தவர், பொறுமையின் சிகரம்" என்றுதான் இருக்கிறது. பெயரை எடுத்துவிட்டால் காரைக்குடியில் எந்த வீட்டு ஆச்சிக்கும் அதை அப்படியே அச்சடிக்கலாம். படிக்கும்போது எனக்கு அழுகையாக வந்தது, அப்பத்தாவை நினைத்து இல்லை, அதில் எங்கேயும் அப்பத்தா இல்லையே என்று.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். 1943இல் கல்யாணம். அதற்கு முந்தின வருஷம்தான் ஐயா (அப்பாவின் அப்பா) பர்மாவிலிருந்து அரக்கான் வழியாக நடந்து ஊர் வந்து சேர்ந்திருந்தார்கள். ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டது 1941 டிசம்பரில், ஊரே காலியானபோது கிளம்பிய கூட்டத்தில் ஐயாவும் ஒருத்தர். சண்டை முடிந்து 1947இல் மறுபடி கொண்டுவிற்க, அதாவது கடல் தாண்டித் தொழில் பார்க்கப் போனார்கள். பெண்டு பிள்ளை ஊரில், ஆம்பிளை கடல் தாண்டி. எங்கள் அயித்தை (அத்தை), பெரியப்பச்சி (பெரியப்பா), அப்பச்சி (அப்பா) மூவரும் பிறந்த வருஷங்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் ஐயா எந்தெந்த வருஷம் ஊருக்கு வந்தார்கள் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

1962இல் நெ வின் ஆட்சியைப் பிடித்து, மறு வருஷம் பாங்குகளை எடுத்து, 1964இல் கடைகளையும் எடுத்துக்கொண்டபோது எல்லாம் போயிற்று. ஐயா ஒரே ஒரு தகரப் பெட்டியோடு வந்தார்கள். வந்தவர்கள் நாலைந்து வருஷம் வீட்டின் முன்கட்டான முகப்பை விட்டு வெளியே இறங்கவில்லையாம்.

இந்த இடத்தில்தான் சிக்கல். அந்த வருஷங்களில் அப்பத்தா முதலில் வைரத்தோட்டை விற்றார்கள், அப்புறம் மங்குச் சாமான் (பீங்கான், எனாமல் பாத்திரம்), அதுவும் தீர்ந்தபின் கல்யாண வீடுகளுக்குக் கூலிக்குப் பலகாரம் சுட்டுக் கொடுத்துத்தான் மூன்று பிள்ளைகளையும் வளர்த்தார்கள். இது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மலரில் எழுதலாம் என்றேன். பெரியப்பச்சிக்கு முகமே மாறிவிட்டது. "சம்பந்தபுரத்துக்கெல்லாம் (சம்பந்தி வீடுகளுக்கெல்லாம்) போகிற புத்தகம், நம்ம வீட்டு ஆச்சி கூலிக்குப் பலகாரம் சுட்டாகன்னு போடுவியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

இரண்டு கேள்வி. நல்ல வார்த்தைகளைத் தாண்டி அப்பத்தா எப்படி இருந்தார்கள் என்பதை மற்றவர்களிடமிருந்து எப்படிக் கேட்டு வாங்குவது? இரண்டாவது, இந்தப் பலகார விஷயத்தை எழுதலாமா?

தேவகோட்டை ஆச்சி

தம்பி, கேதம் கேட்டுக்கொள்கிறேன். ஒரு வருஷம் ஆனாலும் கேட்க வேண்டியது கேட்க வேண்டியதுதான்.

முதல் கேள்விக்குச் சொல்கிறேன். "அப்பத்தாவைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று யாரிடமும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் மனுஷர் எழுந்து நின்று மேடையில் பேசுகிற மாதிரிதான் பேசுவார்கள். அதற்குப் பதில் வளவில் (வீட்டுக்குள் முற்றத்தைச் சுற்றிய இடத்தில்) ஒரு பாயை விரித்து, இரண்டாங்கட்டில் இருக்கிற பாத்திரத்தில் பத்துப் பன்னிரண்டை எடுத்து வந்து வையுங்கள். நம் வீட்டுச் சாமானில் எழுத்து வெட்டியிருக்கும் இல்லையா, விலாசமோ, பெண்ணின் பெயரோ, யார் கொடுத்தது என்றோ. ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டி இது யார் கொண்டுவந்தது, இது எப்போது வாங்கியது, இந்த நசுங்கல் எப்படி வந்தது என்று மட்டும் கேளுங்கள். எங்கள் ஆயா (அம்மாவின் அம்மா) தவறியபோது நான் அப்படித்தான் செய்தேன். ஒரு தூக்குப் போணியைப் பார்த்ததும் எங்கள் சின்னாத்தா ஒன்றரை மணி நேரம் பேசினார்கள், அந்தப் போணியில்தான் ஆயா பக்கத்து வளவில் பிள்ளை பெற்றவளுக்குத் தினம் கஞ்சி கொடுத்தனுப்பினார்களாம், அவர்களோடு அப்போது பேச்சுவார்த்தையே கிடையாது, பங்குத் தகராறு கோர்ட்டில் இருந்தது, கேஸ் ஒரு பக்கம் நடக்கும், கஞ்சி ஒரு பக்கம் போகும். எனக்கு நாற்பது வயது வரைக்கும் இது தெரியாது.

இன்னொன்று, அடுப்படியில் வைத்துக் கேளுங்கள். உங்கள் அயித்தை இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களை வெள்ளைப் பணியாரத்துக்குப் போடச் சொல்லுங்கள். பச்சரிசியை உழக்கில் தலை தட்டி அளந்து, அதே உழக்கின் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவிப்போமே, சரிகிற அளவுக்கு வந்ததும் நிறுத்த வேண்டும், அதுதான் அளவு. அந்தக் குவிக்கிற கையைப் பாருங்கள். உங்கள் அப்பத்தா கை அதில் இருக்கும். அரிசியும் உளுந்தும் ஊறுகிற இரண்டு மணி நேரமும் உங்களுக்குத்தான்.

இரண்டாவது கேள்விக்கு என் பதில், எழுதுங்கள். அதை விட்டுவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? 1964இலிருந்து பிள்ளைகள் தலையெடுக்கிற வரைக்கும் அந்த வீடு எதைச் சாப்பிட்டது என்று படிக்கிறவன் கேட்பானே. ஐயாவின் தகரப் பெட்டியையா?

கோட்டையூர்க்காரன்

நான் இரண்டு மலர் தொகுத்திருக்கிறேன், ஒன்று எங்கள் அப்பத்தாவுக்கு, ஒன்று என் மனைவியின் ஆயாவுக்கு. வேலை அளவில் சில விஷயம்.

கல்யாண இசைகுடிமானம் (கல்யாணத்தில் இரண்டு வீட்டாரும் எழுதிக்கொள்கிற ஒப்பந்தத் தாள்) வீட்டில் இருந்தால் முதலில் அதைத் தேடுங்கள், தேதி, ஊர், கோவில், இரண்டு வீட்டாரின் பெயர் எல்லாம் ஒரே தாளில் கிடைத்துவிடும். அப்புறம் மொய்ப்பண ஏடு. அதில் பெயர்களை வரிசையாகப் படித்துக்கொண்டு போனால் அன்றைக்கு உறவு எப்படி இருந்தது என்று தெரியும். உங்கள் ஐயா பிள்ளை கூட்டிக்கொண்டு (சுவீகாரமாக) வந்தவர்களாக இருந்தால் பிறந்த வீட்டையும் போடுங்கள். எங்கள் முதல் மலரில் அதை விட்டுவிட்டோம், அந்த வீட்டுப் பெரியவர் ஒருத்தர் திதிக்கு வந்து புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்தார். இன்றைக்கும் உறுத்துகிறது.

அப்பத்தாவின் பிறந்த ஊர் பெயர் கட்டாயம் வர வேண்டும். பாதி மலர்களில் புகுந்த வீட்டுக் கதை மட்டும்தான் இருக்கிறது, பதினைந்து வயது வரை அந்தப் பெண் எங்கே விளையாடினாள் என்பது இல்லை.

பழைய தாள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். எங்கள் ஊர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் என்று மற்றவர்கள் குப்பை என்று நினைத்ததையும் சேர்த்து வைத்தார்கள், அதை வைத்து 1994இல் சென்னையில் அமைத்த ஆராய்ச்சி நூலகத்தில் இன்றைக்கு உட்கார்ந்து ஆராய்ச்சி செய்கிறார்கள். உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஏதாவது இருக்கும்.

முகப்புத் திண்ணை

எனக்கு வயது 74. உங்கள் பெரியப்பச்சி வயதுதான் இருக்கும். அதனால் அவர் பக்கம் ஒரு வார்த்தை.

தம்பி, நீங்கள் அதைக் கதையாகக் கேட்டவர், அவர் அதற்குள் இருந்தவர். 64இல் அவருக்குப் பதினொன்று, பன்னிரண்டு இருக்குமா? அந்த வயதுப் பையனுக்கு, நேற்று வரை நம் வீட்டு வாசலில் வந்து நின்றவர்கள் வீட்டுக்கு இன்று நாம் போய் நிற்பது எப்படி இருந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும், எங்கள் வீடும் பர்மாக் கடை போன வீடுதான். என் ஆத்தா நகையை விற்கப் போன நாளில் என்னைத்தான் துணைக்குக் கூட்டிப்போனார்கள். எந்தத் தெரு, எந்த வீடு, திண்ணையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் எல்லாம் இன்றைக்கும் சொல்வேன், ஆனால் என் பிள்ளைகளிடம் இதுவரை சொன்னதில்லை. இப்போது இங்கே எழுதுவதுதான் முதல் தடவை.

எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. அவரைத் தாண்டி எழுதாதீர்கள். தோட்டை யார் வாங்கினார்கள், என்ன விலைக்கு வாங்கினார்கள், அதெல்லாம் வேண்டாம், வாங்கினவர் வீட்டுப் பேரப்பிள்ளைகளும் அந்த மலரைப் படிப்பார்கள், அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? எங்கள் வீட்டில் முன்னோருக்குப் படைக்கிற படைப்புச் சேலை வைக்கிற பேழையில் பழைய தாள்கள் சிலதையும் வைத்திருக்கிறோம். அச்சில் வர வேண்டாம் என்று பெரியவர் சொல்வதைக் கையால் எழுதி அப்படி ஒரு இடத்தில் வைக்கலாம். வருஷா வருஷம் எடுத்துப் பார்க்கிற இடம் அது, மறந்துபோகாது.

வளவு வாசல்

திண்ணை அண்ணன் சொன்னது சரி, ஆனாலும் நான் எழுதுங்கள் கட்சி. எங்கள் அம்மான் (தாய்மாமன்) வீட்டில் இதே மாதிரி மறைத்து மறைத்து, கடைசியில் பேரப்பிள்ளைகள் எல்லாரும் பர்மாப் பணத்தில்தான் படித்தோம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பணம் எல்லாம் அம்மான்மிண்டி (மாமன் மனைவி) கொட்டான் (ஓலைக்கூடை) முடைந்தும் பால் விற்றும் வந்தது.

பள்ளத்தூர்ப் பேரன்

பதில் எழுதின எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை, ஊரில் இருந்தேன். நடந்ததைச் சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளும்.

தேவகோட்டை ஆச்சி சொன்னபடி அயித்தையை அடுப்படியில் உட்கார வைத்தேன். அயித்தைக்கு இப்போது 78. உழக்கில் உளுந்தைக் குவித்தார்கள், சரியப் போகிற நேரத்தில் கை தானாக நின்றது, அளந்து முடித்தபின் உழக்கை ஒரு தட்டுத் தட்டினார்கள், அது அப்பத்தாவின் தட்டு, அந்தச் சத்தத்தை நான் மறந்தே போயிருந்தேன். அரிசி ஊறும்போது கேட்டேன். 64க்கு முன்னால் அயித்தை எட்டாவது படித்து நின்றவர்கள், பலகாரம் ஆரம்பித்தபோது பதினேழு வயது. விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து மாவு இடிப்பார்களாம். தேன்குழல், மாவுருண்டை, சீப்புச் சீடை, மனகோலம். உதவிக்கு ஒரு அம்மா வருவார்கள். வாசல் பக்கம் புகை தெரியக்கூடாது என்று இரண்டாங்கட்டைத் தாண்டி பின்கட்டில்தான் அடுப்பு. முகப்பில் ஐயா உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கு வாசனை தெரியாமல் இருக்குமா, ஆனால் ஒரு நாளும் கேட்டதில்லை, அப்பத்தாவும் சொன்னதில்லை. முதல் ஈடு தேன்குழலில் இரண்டை ஒரு தட்டில் வைத்து ஐயாவுக்கு அனுப்புவார்களாம். தட்டு காலியாகத் திரும்பி வரும். 1979இல் ஐயா தவறுகிற வரைக்கும், அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரே வருஷம் மிச்சம் இருந்தது, இது பற்றி அவர்கள் இரண்டு பேருக்குள் நடந்த பேச்சு அந்தத் தட்டு மட்டும்தான்.

அப்புறம் கோட்டையூர் அண்ணன் சொன்ன தாள். அப்பத்தாவின் அலமாரியில் ஒரு கட்டுக் கல்யாணப் பத்திரிகை இருந்தது, நூல் போட்டுக் கட்டியது. பழைய பத்திரிகை எதற்கு என்று பிரித்தால், ஒவ்வொன்றின் பின்பக்கமும் கணக்கு. அரிசி, உளுந்து, எண்ணெய், விறகு, ஆள்கூலி, வரவு, மிச்சம். நயாபைசா 1957இலேயே வந்துவிட்டது, 1965 பத்திரிகையின் பின்னால் அப்பத்தா கூலி 1-8-0 என்றுதான் எழுதியிருக்கிறார்கள், ஒன்றரை ரூபாயைப் பழைய அணாக் கணக்கில். மூன்றாவது வரை திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்த கை, ஆனால் மாதக் கடைசியில் ஐந்தொகை (வரவு செலவு இருப்புக் கணக்கு) போட்டு நேர் செய்திருக்கிறது. எல்லாத் தாளிலும் உதவிக்கு வந்த அம்மாவின் கூலி முதல் வரி. அரிசிக்கும் எண்ணெய்க்கும் முன்னால்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தபோது அயித்தைதான் சொன்னார்கள், "முன்பக்கத்தையும் பாரு". அப்போதுதான் புரிந்தது. எந்தக் கல்யாணத்துக்குப் பலகாரம் சுட்டார்களோ அந்தக் கல்யாணத்தின் பத்திரிகையில்தான் அதன் கணக்கு இருக்கிறது. எல்லாம் நம் பங்காளி வீடு, தாயபிள்ளை வீடு. முறைப்படி பத்திரிகை வைத்து அழைத்திருக்கிறார்கள். காலையில் பின்வாசல் வழியாகப் பலகாரம் போகும், சாயங்காலம் அப்பத்தா சேலை மாற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக உறவுக்காரியாகப் போவார்கள். ஒவ்வொரு கணக்கிலும் கூலி, எண்ணெய், விறகுக்குக் கீழே செலவில் கடைசி வரியாக "மொய் 5" என்று இருக்கிறது. சில தாளில் மொய் போக மிச்சம் மூன்று ரூபாய்தான். ஒன்றில் மிச்சமே இல்லை. மொய் மட்டும் ஒரு தாளிலும் குறையவில்லை.

இந்தக் கட்டை எடுத்துக்கொண்டு பெரியப்பச்சியிடம் போனேன். மலர் பற்றிப் பேசவில்லை, கையில் கொடுத்தேன், அவ்வளவுதான். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பினார்கள். முன்பக்கம், பின்பக்கம். ரொம்ப நேரம் ஆயிற்று. ஒரு பத்திரிகையில் நிறுத்தி, "இந்த வீட்டுப் பையன் என்கூட ஒரே வகுப்பு" என்றார்கள். அப்புறம் தானாகவே சொல்ல ஆரம்பித்தார்கள். பலகார டின்னைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தது அவர்கள்தானாம், பன்னிரண்டு வயது. கூடப் படிக்கிற பையன்கள் பார்த்துவிடக் கூடாது என்று நேர் ரோட்டில் போகாமல் ஊருணியைச் சுற்றிக்கொண்டு போவார்களாம். ஒரு நாள் ஊருணிக் கரையில் சைக்கிள் சாய்ந்து ஒரு டின் மாவுருண்டை மண்ணில் கொட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே சொன்னதும் அப்பத்தா திட்டவே இல்லையாம், "கால்ல அடி பட்டுச்சா" என்று மட்டும் கேட்டுவிட்டு, அப்போதே அயித்தையை எழுப்பி மறுபடி மாவு வறுக்க ஆரம்பித்தார்கள். "ரோட்டிலேயே போயிருந்தா கொட்டியிருக்காது" என்று சொல்லும்போது பெரியப்பச்சியின் குரல் கம்மிவிட்டது. திண்ணை ஐயா, நீங்கள் எழுதினதைப் படித்திருக்காவிட்டால் அந்த நேரத்தில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க மாட்டேன். உங்களுக்குத் தனியாக நன்றி.

மறுநாள் காலையில் அவர்களே கூப்பிட்டார்கள். "போடு. ஆனா முன்பக்கம் வேண்டாம், எந்த வீட்டுக் கல்யாணம்னு தெரியக் கூடாது. பின்பக்கம் மட்டும் போடு. டின்னைக் கொண்டுபோனது நான்தான்னும் போடு."

முகப்புத் திண்ணை

பெரியப்பச்சியிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நேற்று இரவு என் பெரிய பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்து அந்தத் தெருவைப் பற்றிச் சொன்னேன்.

தேவகோட்டை ஆச்சி

தட்டு காலியாகத் திரும்பி வந்ததைப் படித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன் தம்பி. அதை ஒரு வரியும் கூட்டாமல் அப்படியே எழுதுங்கள். உதவிக்கு வந்த அம்மா வீட்டில் இப்போது யாராவது இருக்கிறார்களா?

பள்ளத்தூர்ப் பேரன்

இருக்கிறார்கள் ஆச்சி, மகள் பக்கத்து ஊரில்தான் இருக்கிறார்கள், அயித்தையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவர்கள் அம்மாவின் பெயரை மலரில் போடச் சம்மதம் வாங்கியாயிற்று, போட்டோ ஒன்றும் தேடித் தருகிறேன் என்றார்கள். திதிக்கும் வருகிறார்கள்.

ஒன்பது பக்கத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன், எல்லாரிடமும் ஆளுக்கு ஒரு சாமானைக் கொடுத்து அதைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறேன். அப்பச்சி மட்டும் இன்னும் கொடுக்கவில்லை, அவர்கள் கையில் இருப்பது ஐயாவின் தகரப் பெட்டி. கணக்குத் தாள்களில் நாலை அதே அளவில் அச்சடிக்கப்போகிறோம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். 1965 தாளில் கடைசி வரி மடிப்பில் மாட்டிக்கொண்டு மொய் 5 தெளிவாக விழவில்லை, இன்றைக்கு ராத்திரி இன்னொரு தடவை ஸ்கேன் எடுக்கிறேன்.